சாயங்கால ஜெபம்

சவப்பெட்டியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் செங்குத்தாக நிமிர்த்தினால்தான் மேலே போகும் என்றார்கள். காலிப் பெட்டிதான், ஆனாலும் கனத்தது. தலைப்பக்கம் அவன் தோளில். "சார், கொஞ்சம் உங்க பக்கம் சாய்ங்க, சுவத்துல உரசுது" என்று பெட்டி கொண்டுவந்தவர் கீழேயிருந்து குரல் கொடுக்க, அவன் சாய்ந்தான். அப்போது படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. எதிர் நடைபாதையில் ஒரு ஆள் நின்று இந்த வீட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நிற்பவன் இல்லை. அந்தத் தெருவில் பஸ் வராது. அவனுக்குச் சற்றுத் தள்ளி, மூடிக் கிடந்த சலவைக் கடை வாசலில் ஒரு பெண். அவள் பார்வையும் மேலேதான் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஒரு பெரிய கடையின் கேமரா அறையில் அவனுக்கு வேலை. மூன்று தளத்தையும் திரைகளில் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். சேர்ந்து திருட வந்துவிட்டுத் தனித்தனியாக நிற்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். நிஜமாகவே முன்பின் தெரியாதவர்கள் ஒரு தடவையாவது ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்ப்பார்கள். பார்க்காமலே நிற்பவர்கள்தான் கூட்டாளிகள். கடையில் அவனுக்குப் பெயரே 'கேமரா' என்று ஆகிவிட்டது. மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சார், தூங்கிட்டீங்களா? தூக்குங்க!"

தூக்கினான்.

உள்ளே அக்கா அவளுடைய கட்டிலிலேயே கிடந்தாள். முந்தின நாள் காலையில் போய்விட்டாள். மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று. கோயிலில் அதைத் திருக்காட்சி என்பார்கள். வானத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எங்கேயோ தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் குழந்தை இயேசுவைக் கண்டுகொண்ட நாள். பூசைக்குக் கிளம்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தவள் நிமிரவே இல்லை. மனைவி வாசலில் நின்று, "அண்ணி, நேரமாச்சு" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தபோது, கயிறு அவள் விரலில் சுற்றியபடியே இருந்திருக்கிறது. டாக்டர் வந்து, "இதயம்தான். கஷ்டப்படலே" என்றார். கஷ்டப்படவில்லை என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது. வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். வெளியூர் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் அவளுக்கு வேலை. கண்ணாடியில் முகம் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாகப் பொழுதெல்லாம் வழி சொல்வாள். அங்கே எல்லாருக்கும் அவள் 'ஜன்னல் அக்கா'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் முதலில், "தம்பிக்கு ஒரு வழி பண்ணிட்டு" என்றாள். தம்பிக்கு வேலையும் கிடைத்து, கல்யாணமும் முடிந்த பிறகு, "இனிமே எதுக்கு?" என்றாள். வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டாள். "ஜெபத்துக்குப் போயிட்டு வரேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போவாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அலுத்துப்போய் வருவாள். இருப்பதைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். ஜெபம் இவ்வளவு அலுப்பாக இருக்குமா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

பங்குச் சாமியார் அடக்கப் பூசைக்கு நேரம் சொல்லிவிட்டுப் போக வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாட்டுப் பாட ஆள் இருக்காங்களா ஃபாதர்?" என்று அவன் கேட்டான். "அக்காவோட ஜெபக் கூட்டத்துக்காரங்க வருவாங்க இல்லே?"

"எந்தக் கூட்டம்?"

"சாயங்கால ஜெபம். தினமும் வேலை முடிஞ்சு அங்கதானே வருவாங்க."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயங்கால ஜெபத்தை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சேப்பா. ஆள் வரலே. சாயங்காலம் கோயிலே பூட்டித்தான் கிடக்கும். உங்க அக்காவை நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பாப்பேன்."

தண்ணீர் கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

"ரொம்ப பக்தியான பொண்ணு" என்று சாமியார் அவசரமாகச் சேர்த்துச் சொன்னார். அந்த அவசரமும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவர் போனதும் அவன் அக்காவின் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அவளுடைய பெரிய தோள்பை ஆணியில் தொங்கியது. எடுத்துக் கட்டில் காலடியில் கவிழ்த்தான். டார்ச் விளக்கு. பிஸ்கட் பொட்டலம். இரண்டு தண்ணீர் பாட்டில். கறுப்பு நிறத்தில் நீளமான ஒரு குடை. அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லே."

"அண்ணி பக்கத்துலயே படுத்திருக்காங்க. இப்ப போய்…"

"இது ஆம்பளைக் குடை."

"குடையில ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? மழைக்குத் தெரியுமா?"

"ரெண்டு பாட்டில் எதுக்கு? ஒரு ஆளுக்கு ஒண்ணு போதாதா?"

அவள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "அண்ணிக்கு யாராவது இருந்திருந்தாத்தான் என்னங்க? இருந்திருந்தா நல்லதுதானே."

"நல்லதுதான். நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஜெபம்னு ஏன் சொல்லணும்? சாமி பேரைச் சொல்லி ஏன் என்னை ஏமாத்தணும்?"

குரல் உயர்ந்துவிட்டது. அக்கா கேட்டுவிடுவாளோ என்று ஒரு கணம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

*

அக்காவைப் பெட்டியில் கிடத்தி, வெள்ளைத் துணியால் மார்பு வரை மூடி, கூடத்தின் நடுவில் வைத்த சற்று நேரத்தில் 'மைக்' வந்தார். பஸ் நிலையத்தின் ஒலிபெருக்கிக் குரல் அவருடையது. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது எப்போது கிளம்பும் என்று ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓடும். ஆளை யாருக்கும் தெரியாது. ஒல்லியாக, காலர் நைந்த சட்டையோடு வாசலில் நின்று, "ஜன்னல்…" என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் பேச முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். மைக் இல்லாத குரல் நூலாக இருந்தது.

கூட வேலை செய்கிற ஒருத்திக்காக ஒரு மனிதன் இவ்வளவு அழுவானா? அந்த நீளக் குடை இந்த உயரத்துக்குப் பொருந்துமா என்று அவன் மனம் தன்பாட்டில் அளந்து பார்த்தது. அழுகை அடங்கும் வரை காத்திருந்து, "கொஞ்சம் உள்ள வாங்க" என்று சமையலறைக்குக் கூட்டிப் போனான்.

"எதிர்ல நிக்கிறவங்களுக்கெல்லாம் நீங்கதான் தகவல் சொன்னதா?"

ஆமாம் என்று மைக் தலையாட்டினார். "மைக்ல சொன்னேன். ரெண்டு பஸ் அறிவிப்புக்கு நடுவுல. மேனேஜர் திட்டினாரு. திட்டிட்டுப் போகட்டும்."

"என்ன சொன்னீங்க?"

"'விசாரணை ஜன்னல்ல இருந்த அக்கா காலமாயிட்டாங்க, நாளைக்கு அடக்கம்'னு. வீட்டு விலாசமும் சொன்னேன்."

"வீட்டு விலாசத்தையா? மைக்லயா?" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "யார் யார் கேக்கற இடம் அது!"

"யார் யாரோ கேக்கணும்னுதான் சொன்னேன்."

அவன் ஜன்னல் பக்கம் கை காட்டினான். நடைபாதையில் இப்போது மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருந்தார். தொப்பி போட்ட வயதானவர். "அவங்க யாரு?"

மைக் எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதே. அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அக்கா வேலை முடிஞ்சு எங்க போவாங்க?"

மைக் மேசை மேலிருந்த டம்ளரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்த்தி வைத்தார். "உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

பிடிபட்டவர்கள் எல்லாரும் முதலில் செய்வது அதுதான்: கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்பது. அவன் கேமரா அறையில் எத்தனையோ பேர் வாயிலிருந்து அதைக் கேட்டிருக்கிறான்.

"ஜெபத்துக்குன்னு சொன்னாங்க."

"அப்ப ஜெபத்துக்குத்தான்."

"கோயிலே பூட்டிக் கிடக்குன்னு சாமியார் சொல்றார்."

மைக் வாயைத் திறந்தார். அதற்குள் கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏங்க, மேல வராங்க."

*

மூன்று பேரும் வரிசையாக ஏறி வந்து சுவரோரமாக நின்றார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தோளில் வெல்டிங் பொறி பட்டுச் சட்டை பொத்தல் விழுந்திருந்த ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த வயதானவர். கையெல்லாம் பழைய எண்ணெய்த் தழும்போடு அந்தப் பெண், எங்கேயோ பெரிய சமையலறையில் வேலை செய்கிறவளாகத்தான் இருக்கவேண்டும்.

"அக்கா எப்படிப் பழக்கம்?" என்று அவன் வெல்டரிடம் கேட்டான்.

"வழியில பழக்கம்."

"எந்த வழியில?"

"வழியிலதான்" என்று சொல்லிவிட்டு வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் பின்வாங்கி, அலமாரிக் கண்ணாடியில் கூடம் முழுதும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான். வேலை செய்கிற இடத்தில் நிற்பதுபோல் அப்போதுதான் அவனுக்கு மூச்சு சீரானது. எல்லாரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் ஓரமாகவே நகர்ந்து கால்மாட்டுக்குப் போனாள். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பினாள். குனிந்தாள். அவள் கை வெள்ளைத் துணிக்குள் போனது.

இரண்டே எட்டில் அவன் அங்கே இருந்தான். மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"கையைத் திற."

எதிர்வீட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க!" என்றாள் மனைவி. "விடுங்க அவங்களை!"

"திறன்னு சொல்றேன்."

அந்தப் பெண் விரல்களைப் பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் மற்றக் கையையும் பார்த்தான். அதிலும் இல்லை.

"என்ன எடுத்தே?"

"எடுக்கலே. தொட்டுப் பாத்தேன்."

"எதை?"

"குதிகாலை." அவள் தலையசைத்துக் கால்மாட்டைக் காட்டினாள். "புண்ணு ஆறிடுச்சான்னு பாத்தேன்."

அவன் பிடி தானாகத் தளர்ந்தது. அவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, அவனிடம் இல்லாமல் அவன் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"நான் இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு பஸ் ரொம்ப லேட்டு. ஒரு விடுதிச் சமையல்ல வேலைன்னு சொல்லியிருந்தாங்க. ஜன்னல்ல கேட்டேன். அக்கா வழி சொன்னாங்க. புரியலே. திரும்பப் போய்க் கேட்டேன். திரும்பவும் சொன்னாங்க. அப்பவும் புரியலே. வெளியில வந்து நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல அவங்க ஜன்னலைச் சாத்திட்டு வந்து, 'வா, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்'னாங்க. பொய்தான். அந்தப் பக்கம் எங்க விடுதியைத் தவிர ஒண்ணுமே கிடையாது."

"உடனே போயிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எப்படிப் போவேன்? ஆள் பிடிக்கிறவங்கன்னு நினைச்சேன். 'என் பக்கத்துல வராதீங்க, தள்ளி நடங்க'ன்னு சொன்னேன். சரின்னு தள்ளியே நடந்தாங்க. ஒரு பேச்சும் இல்ல. உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு இன்னும் பயமாப் போச்சு, ஏதோ மந்திரம் போடுறாங்கன்னு. பாதி வழியில நொண்ட ஆரம்பிச்சாங்க. புது ஷூ போல, குதிகால்ல கடிச்சு ரத்தம். கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட வந்தாங்க. விடுதி கேட் வந்ததும் நான் ஓடி உள்ள போயிட்டேன். ஒரு நன்றி கூடச் சொல்லலே. திரும்பிப் பாத்தா, ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்த வழியே நடந்து போறாங்க."

மனைவி பெட்டியின் கால்மாட்டில் மண்டியிட்டாள். துணியை விலக்கி, அக்காவின் காலுறையை மெல்லக் கீழே இறக்கினாள். குதிகாலில் ஒரு பழைய தழும்பு. அதன்மேல் இன்னொன்று. பக்கத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போய் மெழுகு தடவியது போல மின்னியது. இன்னொரு காலில் பிளாஸ்திரி. ஒட்டி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

அவன் பார்த்தான். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் அந்தக் கால்கள் அவன் முன்னால் நடந்திருக்கின்றன.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார் தொப்பிக்காரர். "என் பொண்ணைச் சேத்திருந்தாங்க அங்க. இந்தம்மா வழி பூரா பேசிக்கிட்டே வந்துது. எந்த பஸ் எந்த ஊருக்குப் போகுது, எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு. 'கொஞ்சம் சும்மா வரியா'ன்னு கூடச் சொல்லிட்டேன். இப்ப நினைச்சா, நான் பொண்ணைப் பத்தி யோசிக்காம இருக்கத்தான் பேசிச்சோ என்னவோ."

"எனக்கு அவங்க வழியே தப்பு" என்றான் வெல்டர். "பட்டறை இடம் மாறிட்டது அவங்களுக்குத் தெரியலே. ரெண்டு பேரும் சேந்து ஊரெல்லாம் கேட்டோம். அவங்க சிரிச்ச சிரிப்பு! 'நான்தாம்ப்பா ஊருக்கே வழி சொல்ற ஆளு'ன்னு." அவன் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான், முதல் தடவையாக. "உங்ககூடவும் வந்தாங்களா? நான் எனக்கு மட்டும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

எல்லாரும் ஒரே கதையைச் சொன்னால் முன்கூட்டியே பேசி வைத்தது என்று அர்த்தம். அது அவன் தொழில் பாடம். இவர்கள் சொன்னதில் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒருத்திக்கு அக்கா ஊமை; ஒருவருக்கு ஓயாத வாயாடி; ஒருவனுக்கு வழி தெரியாதவள். பொய்யாக இருந்தால் இவ்வளவு கோணல்மாணலாக இருக்காதே என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் அவன் முழுசாக நம்பவில்லை.

*

வண்டி வரும்வரை படிக்கட்டில் நின்றான். மைக் பின்னாலேயே வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"நான் கோயிலுக்கெல்லாம் போற ஆள் இல்லீங்க" என்றார். "அக்கா சொன்னதைச் சொல்றேன். ஒரு வருஷம் இதே திருநாள் அன்னிக்கு பூசை முடிஞ்சு வேலைக்கு வந்தாங்க. முகமே சரியில்ல. என்னன்னு கேட்டேன். 'இன்னிக்கு அந்த ராஜாக்கள் கதை வாசிச்சாங்க. சின்ன வயசுலேருந்து கேக்கறேன், இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு'ன்னாங்க."

"என்ன கதை? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாதே. அவங்க சொல்லித்தான் தெரியும். அந்த மூணு பேரும் நேரா குழந்தைகிட்ட போகலியாமே. முதல்ல பெரிய ஊருக்கு வந்து, குழந்தை எங்கேன்னு வழி கேட்டாங்களாம். அங்க வேதம் படிச்சவங்க எல்லாரும் புஸ்தகத்தைப் புரட்டி, 'இன்ன ஊர்தான்'னு சரியாச் சொல்லிட்டாங்களாம். பக்கத்து ஊருதானாம். 'ஒருத்தராவது எழுந்து அவங்க கூடப் போனாங்களா? அவ்வளவு தூரத்துலேருந்து வந்தவங்களுக்கு வழி சொன்னதோட சரி. அந்த ஊர் ராஜாவும், போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கன்னு அனுப்பி வெச்சான், சந்தேகம் பிடிச்சவன். நான் இத்தனை வருஷம் ஜன்னல்ல உக்காந்து அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்? சரியாத்தான் சொல்றேன். ஒருத்தரோடயும் போகலே'ன்னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது."

அவன் கைப்பிடிக் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினான். "அதை ஏன் ஜெபம்னு சொல்லணும்?"

"அதையும் கேட்டேன். 'கோயில்ல முழங்கால் போட்டா எனக்குத் தூக்கம் வந்துடுது. மனசு குழம்புல உப்புப் போட்டோமான்னு போயிடுது. இப்படி ஒரு ஆளை நினைச்சுக்கிட்டு, அந்த ஆள் கூடவே நடந்தா அலையறதில்ல. அவங்க வீடு போய்ச் சேரணும், போய்ச் சேரணும்னு சொல்லிக்கிட்டே போறேன். இதுக்கு வேற என்ன பேரு?'ன்னாங்க. எனக்கென்ன தெரியும்? நான் பஸ் பேர் சொல்றவன்."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

மைக் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க."

"சொல்லுங்க."

"'தம்பிக்குத் தெரிஞ்சா தினமும் பின்னாடியே வருவான். நான் கூட்டிட்டுப் போற ஆளைத் திருடனைப் பாக்கற மாதிரி பாப்பான். பாவம், அவங்களே பயந்து போய் வந்திருக்காங்க'ன்னு சொன்னாங்க."

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. மைக் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். அவரும் அந்த நடைகளில் ஒன்றிலாவது கூடப் போயிருப்பாரா, அந்தக் குடை யாருடையது, அந்த இரண்டாவது பாட்டில் வழி தெரியாதவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்க அவனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தான். கேட்கவில்லை.

கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலை இன்னும் எடுத்திருக்கவில்லை. வைக்கோல் மேல் குழந்தை. முன்னால் மூன்று ராஜாக்களின் சுரூபம், ஒருவர் மண்டியிட்டு, இருவர் நின்று. சாமியார் வெளிச்சத்தைப் பற்றி என்னவோ பேசினார். அவன் வழக்கம்போல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் வெல்டர், மண்டியிடுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தான். தொப்பிக்காரர் சிலுவை போடத் தெரியாமல் நெற்றியைத் தொட்டதோடு விட்டுவிட்டார். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்து எழுந்தாள், உட்கார்ந்தாள். இவர்கள் யாரும் கோயில்காரர்கள் இல்லை. இவர்கள் யாருக்கும் இங்கே வர வேண்டிய கட்டாயம் இல்லை. குடிலைத் திரும்பிப் பார்த்தான். அதிலும் உள்ளூர்ப் படித்தவர்கள் ஒருவரும் இல்லை.

குழிக்குள் மண் போட்டபோது எல்லாரும் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்கள். மைக் தன் பிடி மண்ணைப் போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அவன் அதைப் பார்த்தான். பார்த்ததை யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

*

கல்லறைத் தோட்டத்து வாசலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வெல்டரும் தொப்பிக்காரரும் பேசிக்கொண்டே ஒரு பக்கமாகப் போய்விட்டார்கள். மைக்குக்கு மாலை அறிவிப்பு இருந்தது, சொல்லாமலே கிளம்பிவிட்டார். அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்று தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அருகே போனான். அவள் இரண்டு கையையும் தன்னிச்சையாகப் பின்னால் கொண்டுபோனாள்.

"விடுதிக்கா?"

"ஆமா. ராத்திரிச் சமையலுக்குப் போயிடணும். வரும்போது யாரையோ கேட்டு வந்துட்டேன். இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்ல."

"நேரா போங்க. சிக்னல் வரும். அங்க இடது பக்கம். பெட்ரோல் பங்க் தாண்டினதும் ரெண்டாவது தெரு. அங்கேருந்து பெரிய ரோட்டுக்கு வந்துடலாம்."

"சரிங்க" என்று தலையாட்டினாள். புரியாதவர்கள் ஆட்டுகிற தலையாட்டல். அவள் போனாள்.

மனைவி காரின் பின் இருக்கையில் டீச்சரோடு உட்கார்ந்து கதவைத் திறந்தே வைத்திருந்தாள். "ஏறுங்க. வீட்டுல ஆளுங்க காத்திருப்பாங்க."

"நீங்க போங்க. நான் வரேன்."

"எங்க போறீங்க?"

"அந்தப் பொண்ணு சொன்ன விடுதி உண்மையிலே இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

மனைவி அவனையே பார்த்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள்.

அவன் நடந்தான். கடையில் ஒருவரைப் பின்தொடரும்போது விடுகிற அதே இடைவெளி. அவர் நின்றால் நாமும் எதையாவது பார்ப்பது போல நிற்க வேண்டும், திரும்பினால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் வேகமாக நடந்தாள். சிக்னலில் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், வலது பக்கமாகத் திரும்பினாள்.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

காலடிச் சத்தம் கேட்டோ என்னவோ, அவள் திரும்பினாள். அவனைப் பார்த்ததும் முகம் இறுகியது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கடைப் பலகை எதையும் பார்ப்பது போலப் பாவனை செய்யவில்லை. கையைத் தூக்கி இடது பக்கத்தைக் காட்டினான்.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிக்னல் மாறி, வண்டிகள் இருவருக்கும் நடுவில் போய் முடிந்தன.

அவள் திரும்பி வந்து இடது பக்கமாக நடக்கத் தொடங்கினாள். அவனும் தள்ளியே நடந்தான். பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் அவள் நடைபாதையின் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, நடையைத் தளர்த்தினாள்.